இல்லம் கட்டப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

இந்தப் பக்கம் வந்து நாலு மாசம் ஆயிற்று. கிளையில் ஆடிட், வீட்டில் பெரியவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. வழக்கமாக நான் எழுதுவது டெல்லிக் குளிரும், சாத்தூர் சேவும், ரயிலில் டிக்கெட் கிடைக்காத கதையும்தான். இந்த முறை கொஞ்சம் சூடாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு எங்கள் பகுதித் தமிழ் அமைப்பின் பொதுக்குழு. (பெயர் வேண்டாம். எல்லோரும் நல்லவர்கள், நாளைக்கும் மார்க்கெட்டில் முகத்தில் முழிக்க வேண்டும்.) இட்லி, வடை, காபி எல்லாம் முடிந்து தீர்மானத்துக்கு வந்தார்கள். பொங்கல் விழா வசூலும் நன்கொடையுமாக 9 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. நகருக்கு வெளியே இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அதை வைத்து ஒரு மாடி கட்டிக் கொடுப்பது. அதில் 30 கட்டில். முதலில் சேரப் போவது நம் பிள்ளைகள், அதாவது வீடு இடிபட்டு நரேலாவுக்குப் போன தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். மண்டபமே கைதட்டியது.

"எதிர்ப்பு யாராச்சும் இருக்கீங்களா?" என்று தலைவர் சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

அன்று ராத்திரியே வாட்ஸப்பில் ஆரம்பித்துவிட்டது. கல்நெஞ்சக்காரன். பேங்க்காரன் புத்தி. "இவரு பிள்ளைங்க ஏசி ரூம்ல படிக்குதுங்க, ஏழைப் பிள்ளைக்கு ஒரு கட்டில் போட்டா வயிறு எரியுது." தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

டெல்லிக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஜங்புராவில் பாராபுல்லா நாலா ஓரமாக 'மதராசி கேம்ப்' என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்கள் பல பத்தாண்டுகளாக அங்கே இருந்தார்கள். பெண்கள் ஜங்புரா, நிஜாமுதீன், லாஜ்பத் நகர் 'கோட்டி'களில் வேலை. (பங்களாவை இங்கே கோட்டி என்பார்கள். எங்க ஊரில் கோட்டி என்றால் கிறுக்கு. வந்த புதிதில் "கோட்டிக்கு வேலைக்குப் போறேன்" என்று ஓர் அக்கா சொன்னபோது பயந்தே போனேன்.) டெல்லி உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ம் தேதி சுமார் 370 வீடுகளை இடித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நரேலாவில் மாற்று வீடு, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலா என்பது டெல்லியின் வடகோடி. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் கிடையாது.

முதல் வாரம் அரிசி, பருப்பு, போர்வை என்று எல்லோரும் ஓடினோம். நானும் ஓடினேன். அதற்குப் பிறகு அம்மா அதிகாலை ஐந்து மணிக்கே கிளம்பி பழைய கோட்டிக்கே வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறாள். அப்பாவும் அப்படியே. பிள்ளைகள்? அந்தக் கேள்விக்கு எங்கள் அமைப்பு கண்டுபிடித்த பதில்தான் 30 கட்டில்.

அம்மா இருக்கிறாள், அப்பன் இருக்கிறான். வீடு தூரமாகப் போய்விட்டது என்பதற்காகப் பிள்ளையை இல்லத்தில் போடுவதா? இதைத்தான் கேட்டேன். இதற்குத்தான் இவ்வளவு திட்டு.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் தெரியுமா? இந்தத் தப்பை நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

2014. அப்போது லாஜ்பத் நகரில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா கள்ளக்குறிச்சி பக்கம். கணவர் கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பெண்ணுக்கு நாலு. காரியம் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணே, பையன் ஒரு மணிக்கு ஸ்கூல் விட்டு வந்துர்றான். நான் வர ஏழாவுது. பக்கத்துல பசங்க சகவாசம் சரியில்ல. ஏதாச்சும் வழி சொல்லுங்கண்ணே."

எனக்கு உடனே வள்ளல் ஆகிவிட ஆசை. ஒரு இல்லத்தின் கமிட்டியில் இருந்தவர் என் வாடிக்கையாளர். நல்ல இங்கிலீஷில் சிபாரிசுக் கடிதம் எழுதினேன். ஒரே வாரத்தில் இடம் கிடைத்தது. மூன்று வேளைச் சாப்பாடு, யூனிஃபார்ம், கட்டில், டிவி. அந்த அக்கா என் காலில் விழப் போனார், தடுத்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு அருமையான தூக்கம்.

மாதம் ஒரு ஞாயிறு மட்டும் பார்க்கலாம். போகவர ஒருநாள் கூலி போய்விடும். ஆறு மாதத்தில் பையன் படுக்கையில் நனைக்க ஆரம்பித்தான். ஒரு வருஷத்தில் தமிழ் குறைந்தது. இரண்டாம் வருஷம் அம்மா போனால் பக்கத்தில் வர மாட்டான், தூர நின்று பார்ப்பான். யாரும் அடித்ததாகவோ பட்டினி போட்டதாகவோ அவன் சொன்னதில்லை. அறுபது பிள்ளைகளில் ஒருவன், அவ்வளவுதான். ராத்திரி பயந்து முழித்தால் யாரை எழுப்புவது என்று தெரியாத இடத்தில் ஏழு வயதுப் பையன். மூன்றாம் வருஷம் அந்த அக்கா யாரையும் கேட்காமல் போய்ப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது, இவ்வளவு சிரமப்பட்டு வாங்கிக் கொடுத்த இடத்தை விட்டுவிட்டாரே என்று.

அப்போது அவர் சொன்னது: "அண்ணே, நான் புள்ளைய வெச்சுக்க இடம் கேக்கலண்ணே. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் யாராச்சும் பாத்துக்கிட்டா போதும்னுதான் கேட்டேன்."

ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரை. ஆறு மணி நேரம். அவர் கேட்டது அதை. நான் கொடுத்தது மூன்று வருஷப் பிரிவு.

அந்தப் பையனுக்கு இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது. மைனர் கணக்கை மாற்ற அம்மாவோடு என் கிளைக்கு வந்தான். அம்மா தமிழில் கேட்க, அவன் ஹிந்தியில் பதில் சொல்கிறான். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்: "அங்கிள், அந்த லெட்டர் நீங்கதானே எழுதினது?" ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை.

நிற்க. இது ஒரு பேங்க்காரனின் சொந்தக் குற்ற உணர்ச்சி என்று தள்ளிவிடாதீர்கள். நாட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

2020-ல் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது இந்தியாவில் குழந்தைகள் இல்லங்களில் இருந்தவர்கள் 2,27,518 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் 1,45,788 பேர் குடும்பத்தாரிடமோ காப்பாளரிடமோ திரும்பிப் போய்விட்டார்கள். உச்சநீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு இது. நூற்றுக்கு 64. நாம் வாய்கூசாமல் 'அனாதை இல்லம்' என்று சொல்கிறோமே, அங்கே இருந்த மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்குப் போக ஓர் ஆள் இருந்திருக்கிறது! பிறகு ஏன் அங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் காரணம் வறுமை. அம்மாவால் வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் பார்க்க முடியவில்லை.

அரசு மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. அதே 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்பட எட்டு மாநிலங்களுக்கு, இல்லப் பிள்ளைகளை 100 நாளுக்குள் குடும்பத்தோடு சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. கொள்கை சரிதான். ஆனால் ஊரடங்கில் வேலை போன வீட்டுக்கு, கையில் ஒரு பைசா கொடுக்காமல் பிள்ளையை அனுப்பினால் அதற்குப் பெயர் என்ன? கடைசியில் அந்த டிசம்பரில் உச்சநீதிமன்றம்தான், வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. வீட்டுக்கு அனுப்பினால் போதாது, வீட்டைத் தாங்கவும் வேண்டும்.

சட்டத்தில் இதெல்லாம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. அதன் 45-வது பிரிவு 'ஸ்பான்சர்ஷிப்' பற்றியது. தாய் விதவையா, விவாகரத்து ஆனவரா, கைவிடப்பட்டவரா, பெற்றோருக்கு உயிர்கொல்லி நோயா, விபத்தில் முடங்கிவிட்டார்களா, பெற்றோரை இழந்த பிள்ளை பாட்டி, மாமன் வீட்டில் வளர்கிறதா, அந்தக் குடும்பத்துக்கே பணம் கொடு என்கிறது. 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டு நெறிகளில் இந்தத் தொகை ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

2014-லேயே இது மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. கடிதம் எழுதிய மகானுக்கு அது தெரியாது! நாள் முழுக்கக் கணக்குத் திறப்பதே தொழிலாக இருந்தவனுக்கு, அந்த அக்கா பெயரில் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கலாம் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. இல்லம் கண்ணுக்குத் தெரிந்தது, திட்டம் தெரியவில்லை.

இந்தத் திட்டத்திலும் ஓர் அநியாயம் இருக்கிறது. பி.காம். படித்தவன் சும்மா விட முடியாது. ஸ்பான்சர்ஷிப் வாங்க நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராமத்தில் 72,000. அதாவது நகரத்தில் மாதம் 8,000. டெல்லியில் பயிற்சி இல்லாத தொழிலாளிக்கு அரசே 2025-ல் அறிவித்த குறைந்தபட்சக் கூலி மாதம் 18 ஆயிரத்துக்கு மேல். சட்டப்படி கூலி வாங்கும் விதவைக்கு உதவி கிடையாது. உதவி வேண்டுமானால் சட்டத்துக்குக் கீழே கூலி வாங்க வேண்டும்! இதை யார் உட்கார்ந்து யோசித்தார்கள்? நம் அமைப்புகள் மனுக் கொடுக்க வேண்டிய விஷயம் இது. மந்திரிக்குச் சால்வை போடும்போது கையில் இந்த மனுவும் இருக்கட்டும்.

சரி, நமக்கு ஏன் கட்டிடம் என்றால் இவ்வளவு ஆசை?

கணக்குப் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு உண்டு. கட்டிடம் மூலதனச் செலவு. கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதும் பரம்பரை நாம். ஒரு விதவைத் தாயின் கணக்கில் மாசாமாசம் விழும் பணத்தில் யார் பேரை எழுதுவது? சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சுண்டலில் எங்கே கல்வெட்டு பதிப்பது?

பிறந்தநாள் சமாச்சாரமும் இதுதான். பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் இல்லத்துக்குப் போய்க் கேக் வெட்டி, பிரியாணி போட்டு, வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறோம். உங்கள் மகளை யாரோ ஒருவர் அப்படி வரிசையில் நிறுத்தி "அங்கிளுக்குத் தேங்க்ஸ் சொல்லு" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நானும் இரண்டு தடவை செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

இன்னொன்று. கட்டில் போட்டுவிட்டால் அதை நிரப்ப ஆள் வேண்டும். காலியாகக் கிடந்தால் நன்கொடையாளர் கேள்வி கேட்பார். அப்புறம் ஏழை அம்மாவைத் தேடிப் போய் "உங்க பிள்ளைய எங்ககிட்ட விடுங்க" என்று கேட்க ஆரம்பிப்போம். 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிகள், வறுமை ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. ஏழை வீட்டைப் பார்த்தால் அந்த வீட்டுக்கு உதவ வேண்டும் என்று தோன்ற வேண்டும். நமக்கு ஏன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரத் தோன்றுகிறது?

பிள்ளையைப் பிரிக்காமல் செய்ய முடியுமா? இதே டெல்லியில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1969-ல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட் அருகே கட்டிட வேலை நடந்தது. அங்கே கல் சுமக்கும் தாய்மார்களின் குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடப்பதை மீரா மகாதேவன் பார்த்தார். அந்தக் குழந்தைகளை வேறு எங்கும் கொண்டுபோகவில்லை. அங்கேயே ஒரு கூடாரம் போட்டார். 'மொபைல் க்ரெஷ்' பிறந்தது அப்படித்தான். அம்மா வேலைக்கு நடுவே வந்து பால் கொடுப்பாள், சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள்.

இன்னும் கடினமான இடம் மும்பை காமாட்டிபுரா. பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களின் பிள்ளைகள். "இந்தத் தாய்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தே ஆக வேண்டும்" என்றுதான் யாரும் சொல்வார்கள். 'பிரேரணா' அமைப்பு 1980-களின் பிற்பகுதியில் அங்கே இரவுக் காப்பகம் தொடங்கியது. பிள்ளைக்கு ஆபத்து ராத்திரியில்தானே? ராத்திரி பாதுகாப்பாகத் தூங்க இடம், சாப்பாடு, படிப்பு. அம்மாவும் பிள்ளையும் அறுந்துபோகவில்லை. காமாட்டிபுராவில் முடிந்தது நரேலாவில் முடியாதா?

இவ்வளவு தூரம் போவானேன், நம் சத்துணவையே எடுத்துக்கொள்ளுங்கள். காமராஜர் மதிய உணவு போட்டார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைப் பெரிதாக விரித்தார். பசித்த பிள்ளைகளைத் திரட்டி ஊருக்கு ஓர் அனாதை விடுதி கட்டியிருக்கலாம். கட்டவில்லை. பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே அடுப்பைப் பற்ற வைத்தார்கள். அந்தக் கரண்டியைப் பிடிக்கும் வேலையில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். பிள்ளைக்குச் சோறு, அம்மாவுக்குச் சம்பளம், ராத்திரி இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே. 2025 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டமும் அதே வழிதான்: பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உறவினர் வீட்டில் இருந்தபடியே மாதம் 2,000 ரூபாய். என்னோடு ஒன்றாம் வகுப்பு படித்தவர்களில் பாதிப் பேர் சத்துணவுத் தட்டு ஏந்தியவர்கள்தான். நம் ஊரில் தெரிந்திருந்த விவேகம் டெல்லிக்கு ரயில் ஏறும்போது எங்கே தொலைந்தது?

இப்போது நரேலாவுக்கு வருவோம். நேர்மையாகச் சொல்கிறேன், அங்கே பல வீடுகளில் அப்பா, அம்மா இரண்டு பேரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 45-வது பிரிவுப் பணம் கிடைப்பது கடினம். விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும்தான் அது பொருந்தும். அப்படியானால் மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது? பள்ளி விட்ட பிறகு வரும் அந்த மணி நேரங்களில். ஆறு வயதுக்குக் கீழே என்றால் அங்கன்வாடி உண்டு, சில இடங்களில் அதோடு சேர்ந்த காப்பகமும் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் வங்கிக்கு அது பொருந்தும். கோட்டியில் பாத்திரம் தேய்ப்பவருக்கு எந்த 50 பேர்? ஆறிலிருந்து பதினாலு வயது வரை ஒன்றுமே இல்லை. போதாததற்கு டெல்லியில் பல அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குக் காலை ஷிப்ட், ஆண் பிள்ளைகளுக்கு மதிய ஷிப்ட். அக்கா வீட்டுக்கு வரும்போது தம்பி கிளம்புகிறான். இரண்டு பேருமே தனித்தனியாகத் தனியாக இருக்கிறார்கள்!

ஆக, தேவை ஒரு சாயங்கால மையம். நான் உட்கார்ந்து போட்ட கணக்கு இது, தப்பிருந்தால் திருத்துங்கள். 30 பிள்ளைகள். நரேலாவிலேயே, வேலையை இழந்த நம் பெண்களில் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள வைக்கலாம். ஆளுக்கு 12,000 என்றால் 24,000. பாடம் சொல்லித்தர ஒருவர், 10,000. வாடகை 8,000. சுண்டல், பால், வாழைப்பழம் என்று தலைக்கு ஒரு நாளைக்கு 15 ரூபாய், 25 நாளுக்கு 11,250. சில்லறைச் செலவு 1,750. மொத்தம் மாதம் 55,000. நம் கையில் இருக்கும் 9 லட்சத்தில் 16 மாதம் ஓடும்.

மாடி கட்டினால்? 9 லட்சமும் சிமெண்டுக்கே போய்விடும். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுச் செலவே ஆரம்பம். இல்லத்துப் பிள்ளைக்கு அரசு நிர்ணயித்த பராமரிப்புத் தொகையே மாதம் 3,000. 30 பேருக்கு 90,000, வருஷத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். ஊழியர் சம்பளம் தனி. அதை யார் கொடுப்பது? தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை. இப்படி ஒரு கடன் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இரண்டு கேள்விகள் வரும், வந்தும்விட்டன.

"குடிச்சிட்டு வந்து அடிக்கிற அப்பன்கிட்டயே பிள்ளைய விடச் சொல்றியா?" இல்லை சாமி. குடும்பம் என்றாலே கோயில் என்று சொல்ல நான் வரவில்லை. அடி, பாலியல் தொந்தரவு, பிள்ளையை விற்பது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1098-க்குப் போன் போடுங்கள், குழந்தைகள் நலக் குழு முடிவெடுக்கட்டும். யாருமே இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நல்ல இல்லம் வேண்டும், அதை நடத்துபவர்களைக் கும்பிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஐசியூ வேண்டும். அதற்காகக் காய்ச்சல் வந்தவனை எல்லாம் ஐசியூவில் படுக்க வைப்போமா? இல்லம் என்றாலே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். பீகார் முசாபர்பூர் காப்பகத்தில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமை, 2018-ல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆய்வு அறிக்கை மூலம்தான் வெளியே வந்தது. அதை நடத்தியவருக்கு 2020-ல் டெல்லி நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது.

"பணத்தைக் கையில கொடுத்தா குடிச்சுருவாங்க." இருபது வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். பிள்ளை பேரில் பணம் வரும் அம்மா பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருப்பாள். ஐந்நூறு எடுக்க வந்துவிட்டு, யோசித்து முந்நூறு மட்டும் எடுத்துக்கொண்டு போவாள். நம்மில் எத்தனை பேர் அப்படிச் செலவு செய்கிறோம்? குடிக்கிறவன் இருக்கிறான். அதனால்தான் கணக்கு பிள்ளை பேரில், அம்மா காப்பாளராக. அந்த வசதி வங்கியில் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைத் திரும்ப எடுங்கள். 9 லட்சத்தில் சாயங்கால மையத்தை ஆரம்பிப்போம். கூடவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேஜை போடுவோம். ஸ்பான்சர்ஷிப்புக்குத் தகுதி உள்ள அம்மாக்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களிடம் கணவரின் இறப்புச் சான்றிதழ் ஊரில் இருக்கும், ஆதாரில் இடிந்துபோன வீட்டு விலாசம் இருக்கும். படிவத்தைப் பார்த்தாலே பயந்து போய்விடுவார்கள். நம் அமைப்பில் பாதிப் பேர் மத்திய அரசில் நோட் போட்டே ஓய்வு பெற்றவர்கள். உங்கள் கையெழுத்துக்கு அசையாத ஃபைல் உண்டா? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு படிவத்தை ஒழுங்காக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, மாதம் ஒருமுறை விசாரியுங்கள். கணக்குத் திறக்கும் வேலை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு முதல் ஆளாக நான் வருகிறேன். மையத்துக்கு மாதம் 2,000 என் பங்கு, எழுதிக் கொள்ளுங்கள்.

கல்வெட்டு இல்லாமல் முடியாது என்றால், சுண்டல் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருகிறேன். என் செலவிலேயே.

திட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. திட்டுவதற்கு முன் உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க இங்க இருக்கற நேரத்துல உங்க பிள்ளைய யாரு பாத்துக்கறாங்க?"

பதிலை முழுசாகக் கேளுங்கள். நான் 2014-ல் கேட்ட மாதிரி பாதியில் எழுந்து கடிதம் எழுதப் போய்விடாதீர்கள்.